சீட்டுக் கிழித்த மாத்திரைகள்

திருப்பூர்
12-8-1963

நங்கைக்குத் தம்பி பெண்டாட்டி மருதம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

உறையில் திருப்பூர் முத்திரையைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லைங்க. உங்கள் தம்பி இருக்கிறார். இருக்கிறார் என்பதைத்தான் எழுத வந்தேன்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தபோது நீங்கள் மாடிக்கு வராமல் படிக்கட்டிலேயே நின்றுவிட்டு, "என்ன ஆனாலும் ஒரு வரி போடு" என்று சொல்லிப் போனீர்கள். நான் போடவில்லை. நீங்களாகச் செய்துகொண்ட கல்யாணத்தன்று, அக்கா இனி இல்லை என்று நொய்யல் ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்தவர் அவர். அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. இப்போது வந்திருக்கிறது.

புண்ணோடு சேர்த்து வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள் அல்லவா. வலி அன்றோடு போய்விட்டது. ஆனால் ஆளும் கூடவே போய்க்கொண்டிருக்கிறார். இரண்டு இட்லி தின்றால் வேர்த்துக் கொட்டி, மார் படபடத்து, அரை மணி நேரம் படுத்துவிடுகிறார். நம் கம்பெனி பனியனில் முப்பத்தெட்டு போட்டவருக்கு இப்போது முப்பத்திரண்டு தொளதொளவென்று இருக்கிறது. மேஸ்திரி அங்கமுத்து, "மொதலாளி, இனி உங்களுக்குன்னு தனியா சின்னதா ஒரு மிசின் வாங்கோணுமுங்க" என்கிறான். இவரும் சிரிக்கிறார். நான் உள்ளே போய்விடுவேன்.

ஒரு மாதமாக முகம் வெளுத்துவிட்டது. நாக்கு மட்டும் வழவழவென்று, தோலுரித்த மாதிரி சிவந்து கிடக்கிறது. ரசம் பட்டால் எரிகிறதாம். இங்கே திருமூர்த்தி டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் ஐம்பது பர்சென்ட்தான் இருக்கிறது, வாரம் ஒரு ஊசி போட வேண்டும் என்றார். என்ன ஊசி என்று கேட்டேன். ஈரல் சத்து என்றார். "ஆட்டு ஈரலுங்களா?" "ஆடோ மாடோ, ஈரல்தாம்மா."

ஆபரேஷன் அன்றைக்கு நான் சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியாது. இவர் எழுந்து வந்தால் எங்கள் அடுப்பில் இனிமேல் கவிச்சி ஏறாது என்று வேண்டினேன். எழுந்து வந்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும் நின்றது. ஊசி வேண்டாம் என்று அவர்தான் சொல்லிவிட்டார். "வாயில போனா என்ன, சதையில போனா என்ன? நீ வெச்ச நேர்த்திய நானே முறிக்கறதா?" என்கிறார்.

ஈரல் கலக்காத மருந்து ஏதாவது இருக்குமா? நீங்கள் படித்தவர்கள். சயின்சு பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள். பதிலை எங்கள் விலாசத்துக்குப் போட வேண்டாம். எதிர் வீட்டு ரங்காத்தாள் பேருக்குப் போடுங்கள்.

மருதம்மாள்


சென்னை
19-8-1963

அன்புள்ள மருதம்மாவுக்கு,

எட்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம், மருந்து கேட்டு வந்திருக்கிறது. குறை சொல்லவில்லை. மருந்துக்காவது நினைவு வந்ததே என்றுதான் தோன்றியது. பிறகு அப்படித் தோன்றியதற்காக வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். டானிக் ஒன்று எடுத்து வைத்தார். மூடியைத் திறந்ததுமே ஈரல் வாடை. ஊசி மருந்தும் காட்டினார். மூன்றாவதாக இரண்டு வகை மாத்திரைகள். ஒன்று இரும்புச் சத்து. மற்றது ஃபோலிக் அமிலம், கீரைகளில் இருக்கிற சத்து. அந்தப் பெயரே இலை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ரத்தம் ஊறுவதற்கு இரண்டும் வேண்டும். முருகன்கூட இதைக் குற்றம் சொல்ல மாட்டான்.

மாத்திரைகளை அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. கறுப்பாக வெளிக்கிருந்தால் பயப்படாதே, அது இரும்பு.

ஒன்று முக்கியம். நான் அனுப்பியது என்று அவனிடம் சொல்லாதே. சொன்னால் விழுங்க மாட்டான். பாட்டில்களில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடு. அதில் சென்னைக் கடையின் பெயர் இருக்கிறது. வேறு ஏதாவது பாட்டிலில் கொட்டி வைப்பது இன்னும் நல்லது.

அவன் ஒல்லியாகிவிட்டதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. எனக்குத் தெரிந்த தண்டபாணி நூல் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன்.

ஜானகி


திருப்பூர்
2-2-1964

நங்கைக்கு,

உங்களுக்குக் கோயில் கட்டலாம். முகத்தில் ரத்தம் வந்துவிட்டதுங்க. நாக்கு எரிச்சல்கூடக் குறைந்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கெல்லாம் மிசின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவரே போய் ஓட்டிவிடுகிறார்.

போன வாரம் திருமூர்த்தி டாக்டர் ரத்தம் சோதித்தார். எண்பது பர்சென்ட். அவருக்கே ஆச்சரியம். "என்ன சாப்புடறீங்க?" என்று இவரைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். கோயமுத்தூரில் சொந்தத்தில் ஒறம்பரைக்காரர் ஒருத்தர் வாங்கித் தந்த சத்து மாத்திரைங்க என்றேன். பேர் என்ன என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்திருக்கிறேன், பேர் தெரியாது என்றேன். டாக்டர் சிரித்தார். "சத்துதானே, சாப்புடட்டும். நல்லாத்தான் வேலை செய்யுது. ஊசிப் பேச்சே இனி வேண்டாம்."

ரங்காத்தாள், "பார்சல் என்ற பேருக்கு வருது, சத்து உன்ற ஊட்டுக்காரருக்குப் போகுது. நாந்தான் இளைச்சுப் போறேன்" என்கிறாள். அவளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். வாசப்படியில் ஒருக்களித்துத்தான் நுழைவாள்.

மாத்திரை மாசிக் கடைசி வரை வரும். அதற்குள் அடுத்தது அனுப்புங்கள். ரங்காத்தாளின் மருமகன் சென்னைக்கு வருகிறார். அவரிடம் ஊத்துக்குளி நெய் ஒரு டின் கொடுத்திருக்கிறேன். மறுக்க வேண்டாம்.

மருதம்மாள்


சென்னை
20-2-1964

மருதம்மா,

நெய் வந்தது. டின்னைத் திறந்ததும் அடுப்படி முழுக்க மணம். என் வீட்டுக்காரர், "இதுதான் உன் தம்பி அனுப்பின சீரா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் எழுந்து போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

நான் காலேஜில் சேர்ந்தபோது, பெண்ணைப் படிக்க வைத்து என்ன ஆகப் போகிறது என்று கேட்காதவர் நம் தெருவில் இல்லை. தண்டபாணி ஒருவன்தான் கேட்கவில்லை. அப்போது அவனுக்குப் பதினாலு வயது. ஸ்டேஷன் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கி வந்தான். அந்தப் படிப்பு கடைசியில் அவன் உடம்புக்கு உதவியிருக்கிறது. இதை அவன் அறியவே போவதில்லை என்பது எனக்குச் சம்மதம்தான். சம்மதம் என்று எழுதிப் பார்த்தேன். முழுக்க உண்மை இல்லை.

ஆறு மாதத்துக்கான மாத்திரைகள் இதோடு வருகின்றன. தீரும்போது எழுது.

ஜானகி


திருப்பூர்
20-9-1965

நங்கைக்கு,

நடுவில் மூன்று தடவை, மாத்திரை வந்தது என்று மட்டும் கார்டு போட்டேன். சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. கெட்டதாகவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

சித்திரையிலிருந்து கால் மதமதவென்று இருக்கிறது என்பார். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதாம். நாளெல்லாம் மிசின் முன்னால் நின்றால் யாருக்குத்தான் கால் மரத்துப்போகாது என்று நானும் வெந்நீர் ஊற்றுவேன். ஆடி மாதம் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்றேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான், "இல்லையா?" என்றார். காலிலிருந்து கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கை. துணியை இரண்டு விரலால் தேய்த்தே நூல் என்ன நம்பர் என்று சொல்கிறவர், இப்போது விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார். அங்கமுத்துவுக்குத் தெரியக்கூடாதென்று ஆள் இல்லாதபோது பார்க்கிறார்.

போன கிருத்திகைக்குச் சிவன்மலை போனோம். படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். சன்னதியில் தீபாராதனை நேரம், கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். மூடியதும் அப்படியே ஆடி, மரம் சாய்கிற மாதிரி விழுந்துவிட்டார். அருள் வந்துவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. விபூதி பூசினார்கள். ஒரு அம்மாள் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று அவரிடம் குறி கேட்டாள். நானும் நம்பினேனுங்க. வேண்டுதலை இத்தனை வருஷம் காப்பாற்றியதற்கு முருகன் இறங்கி வந்தான் என்று மேலெல்லாம் சிலிர்த்தது.

இறங்கி வரும்போது அவர் சொன்னார். "எனக்கு அருளும் வருல ஒண்ணும் வருல மருதா. கண்ண மூடுனேன், என்ற காலு எங்க இருக்குதுன்னே தெரியாமப் போச்சு."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆனால் முகத்தில் ரத்தம் நன்றாக இருக்கிறது. டாக்டரும் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, வேலையைக் குறையுங்கள் என்கிறார். சத்து போதவில்லையோ என்று நானாகவே பத்து நாளாக மூன்று மாத்திரை கொடுக்கிறேன். நான்காக ஆக்கலாமா?

மருதம்மாள்


சென்னை
28-9-1965

மருதம்மா,

மாத்திரையை இன்றே நிறுத்து. நிறுத்துவது மட்டும் போதாது. தண்டபாணியைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போ. இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இரண்டு மாத்திரைகளின் பெயரும் அளவும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். அதை டாக்டர் கையில் கொடு.

உன் கடிதம் வந்த அன்று எங்கள் பள்ளிக்கு மாணவிகளைப் பரிசோதிக்க வரும் லேடி டாக்டர் வந்திருந்தார். செருப்புக் கழன்றதையும் கோயிலில் விழுந்ததையும் சொன்னேன். வயிற்று ஆபரேஷன் ஆனவரா என்றார். ஆமாம் என்றேன். மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டார்.

வயிறு வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து ஒரு வைட்டமின் ஒட்டவே ஒட்டாதாம். பி-பன்னிரண்டு என்பது அதன் பெயர். உடம்பு சேர்த்து வைத்திருப்பது இரண்டு மூன்று வருஷத்துக்கு வரும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஊசியாகத்தான் போட வேண்டும். நான் அனுப்பிய கீரைச் சத்து ரத்தத்தை மட்டும் சரியாக்கிக் காட்டும். நரம்புக்கு அது ஒன்றும் செய்யாது. ரத்தம் நன்றாக இருப்பதால் டாக்டருக்கும் சந்தேகம் வராது. உள்ளே நரம்பு பட்டுப்போய்க்கொண்டே இருக்கும். மாத்திரை இல்லாவிட்டால் ரத்தமே காட்டிக்கொடுத்திருக்கும் என்றார்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தக் கடைக்காரர் ஊசி மருந்தும் காட்டினார் என்று ஒரு வரியில் எழுதினேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் மாதுளைச் சாறு நிறத்தில் இருந்தது. இது ஈரலில் எடுப்பதில்லை, கிருமியை வளர்த்து எடுப்பது, வயிற்று ஆபரேஷனுக்கு இதுதான் முறை என்று அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஊசி என்றால் போட ஒரு ஆள் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்பார். தண்டபாணி கேட்பான். மாத்திரை என்றால் ஒளித்து அனுப்பலாம். மருந்தை நான் தேர்ந்தெடுத்தது அப்படித்தான். எது அவனுக்கு நல்லது என்று பார்க்கவில்லை. எது தெரியாமல் போய்ச் சேரும் என்று பார்த்தேன்.

நாட்கள் முக்கியம் என்கிறார் லேடி டாக்டர். சீக்கிரம் ஊசி போட்டால் திரும்பும், தாமதமானால் திரும்பாது. என் பெயரைச் சொல். எல்லாவற்றையும் சொல்.

ஜானகி


கோயமுத்தூர்
11-11-1965

நங்கைக்கு,

நான் சொல்லவில்லை.

உங்கள் சீட்டை அரிசிப் பானைக்குள் நாலு வாரம் வைத்திருந்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். டாக்டரிடம் போகலாம் என்று தினமும் கூப்பிட்டேன். தீபாவளி ஆர்டர் போகட்டும் என்றார். நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இரண்டு வருஷமாக உங்கள் கையிலிருந்து வாங்கி அவருக்குக் கொடுத்தேன் என்று ஆகும். என்னையும் ஆற்றில் முழுகி விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். நிஜமாகவே அதைத்தான் பயந்தேன். கால் போய்விடும் என்று நீங்கள் எழுதியிருந்தும், பயம் அந்தப் பக்கம்தான் போனது.

தீபாவளிக்கு நாலாம் நாள் வாசப்படி ஏற முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பானையிலிருந்து சீட்டை எடுத்தேன். அவரிடம் தரவில்லை. நேராக டாக்டரிடம் ஓடினேன்.

திருமூர்த்தி டாக்டர் படித்துவிட்டுக் கோபப்பட்டார். "ஏம்மா, அன்னிக்கே பேரு கேட்டனே." பிறகு அவரே, "நானும் ரெண்டாவது வாட்டி கேட்டிருக்கோணும்" என்றார். அன்றைக்கே காரில் கோயமுத்தூர் அனுப்பினார். இப்போது தினமும் ஊசி. சிவப்பு நிறம்தான். இங்குள்ள பெரிய டாக்டரிடம் கேட்டேன், இது ஈரலா என்று. "இல்லையே. யாரு சொன்னது? இது வந்து பத்துப் பன்னெண்டு வருசமாச்சே." அதைக் கேட்ட பிறகு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் வைத்த வேண்டுதலுக்கும் இந்த ஊசிக்கும் ஒரு தகராறும் இல்லை. யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் போதும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதுங்க. இல்லை என்று எழுதினால் பொய். நான் எட்டாவது வரை படித்தவள். சீட்டைக் கிழி என்றீர்கள், கிழித்தேன். அந்தக் குப்பியைப் பார்த்ததும் நீங்கள் ரயிலேறி வந்திருக்கலாம். அவர் வைவார், துரத்துவார். துரத்தினால் துரத்தட்டும் என்று மருந்தை வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஊசி போட நர்ஸ் வந்ததும் கையை நீட்டினார்.

மருதம்மாள்


சென்னை
17-11-1965

மருதம்மா,

நீ எழுதியதெல்லாம் சரி. வந்திருக்கலாம்.

அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுது. வைதால் வைததை எழுது. மாற்றி எழுதாதே.

ஜானகி


திருப்பூர்
6-3-1966

நங்கைக்கு,

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊசி இப்போது மாதம் ஒன்று. திருமூர்த்தி டாக்டரே வந்து போடுகிறார். கை திரும்பிவிட்டது. போன வாரம் துணியைத் தேய்த்து, "இது முப்பத்தி நாலு இல்ல, முப்பது. ஏமாத்திப்போட்டான்" என்றார். அங்கமுத்து மூட்டையைப் பிரித்துப் பார்த்தான். முப்பதேதான். கம்பெனியே சிரித்தது.

கால் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்தால் பத்தடி வைக்கிறார். கீழே பார்த்துக்கொண்டேதான் வைக்கிறார். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தண்டுவடத்தில் பட்டுப்போனது பட்டுப்போனதுதான், இதற்கு மேல் எதிர்பார்க்காதே என்றார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதை இப்போது எழுதுகிறேன். வையவில்லை. நாலு மாதமாக உங்கள் பேச்சே எடுக்கவில்லை. நேற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தானாகவே பேசினார்.

"அக்கா அனுப்பறதுன்னு எனக்கு மொத மாசமே தெரியும்."

எப்படி என்றேன்.

"கோயமுத்தூர்ல எந்த ஒறம்பரை நமக்கு மாத்திரை வாங்கித் தருவான்? காப்பித் தண்ணி குடுக்கவே யோசிப்பான். அதுவுமில்லாம பார்சல் வர்ற அன்னிக்கு நீ என்ற மூஞ்சியவே பாக்கமாட்டே."

"தெரிஞ்சுமா சாப்புட்டீங்க?"

"அவ குடுத்தாத் தப்பா இருக்காதுன்னு சாப்புட்டேன்."

மீதிக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "டாக்டரு என்னையத்தான மொதல்ல கேட்டாரு. என்ன மாத்திரைன்னு அக்காளுக்கு ஒரு கார்டு போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அக்கா இல்லீன்னு ஊரறியச் சொல்லிப்போட்டு எப்பிடிக் கேக்கறது? வாய மூடிக்கிட்டு உன்னையப் பாத்தேன்" என்றார்.

உங்களை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. "நானா எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறக்கற அன்னிக்கு வரட்டும்" என்றார். அதற்காகவே காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை நடந்து பழகுகிறார். வேர்த்து ஒழுகுகிறது. இன்றைக்குப் பன்னிரண்டு அடி என்று கணக்கு வேறு சொல்கிறார். ஆடிக்குள் நடந்துவிடுவேன் என்கிறார். நானும் ஆமாங்க ஆமாங்க என்கிறேன்.

நீங்களும் அப்படியே இரண்டு வரி எழுதுங்கள் நங்கை. ஆடிக்கு வருகிறேன், அதற்குள் உடம்பு தேறிவிடும் என்று எழுதுங்கள். இந்தத் தடவை எங்கள் விலாசத்துக்கே, அவர் பேருக்கே போடுங்கள். அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தைரியமாக இருப்பார்.

மருதம்மாள்


சென்னை
12-3-1966

அன்புள்ள மருதம்மாவுக்கு,

"அவ குடுத்தாத் தப்பா இருக்காது" என்ற வரியைப் படித்தபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் கால் போய்விட்டது என்று அதற்கு முந்தின பக்கத்தில்தான் படித்திருந்தேன். அப்படியும் சந்தோஷம் வந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

நீ கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள தண்டபாணி" என்று ஆரம்பித்து, ஆடிக்கு வருகிறேன் என்பது வரை எழுதினேன். அந்தப் பேனா அவனுக்கு இன்னொரு மாத்திரையைச் செய்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. முகம் தெளியும், தைரியம் வரும், எல்லாரும் நன்றாக இருக்கிறார் என்பார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவன் நடந்து பழகட்டும், அது நல்லதுதான். பன்னிரண்டு அடியைக் காப்பாற்றிக்கொள்ளவாவது பழக வேண்டும். ஆனால் எதற்காக நடக்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னது அவன் காலைப் பற்றி. அது அவனுக்குச் சொந்தமான சேதி. அவன் தெரிந்துகொண்டு சும்மா இருந்தான், நீ தெரிந்துகொண்டு சும்மா இருந்தாய், நான் தெரிந்துகொண்டே ஒளித்தேன். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ராத்திரி ரயில். ஞாயிறு காலையில் திருப்பூரில் இறங்குவேன். நான் வருவதையும் அவனிடம் முன்னாலேயே சொல். வேண்டாம் என்றால் ரங்காத்தாள் வீட்டில் இருக்கிறேன். என் பார்சல்களுக்கெல்லாம் இடம் கொடுத்தவள், எனக்கும் கொடுப்பாள். ஐந்து நாளும் வேண்டாம் என்றால் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புகிறேன்.

கால் இனித் திரும்பாது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லிவிடு. உன்னால் முடியவில்லையென்றால் வந்ததும் நான் சொல்வேன். அவன் அதை யார் வாயிலிருந்து கேட்கலாம் என்று நீயே யோசித்துக்கொள்.

ஜானகி